முதுகில்லாத கோட்

கோட் போடாமல் போகிறவனைக் கடற்கரை ஹோட்டல் வாசலில் ஓர் ஆள் நின்று காலரில் பிடித்து மணலில் எறிவான் என்று நான் உண்மையாகவே நம்பியிருந்தேன். எறியும்போது எந்தப் பக்கமாக விழுந்தால் களிசான் கிழியாது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். இந்த ஞானத்தை எனக்குத் தந்தவர் கொழும்பு போர்டிங்கில் பக்கத்துக் கட்டில்காரர். அவர் ஒரு பெரிய ஹோட்டலின் வாசலை பஸ்ஸில் இருந்து பார்த்தவர். அதற்கு மேல் அவருக்கும் அனுபவம் கிடையாது.

அப்போது நான் கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். மனைவி திருகோணமலையில், அன்புவழிபுரத்தில். வருஷ லீவுக்கு ரயிலேறி வரும்போது என் பெட்டிக்குள் இரண்டு சாரம், சில பெனியன், ஒரு களிசான், ஒரு வெள்ளைச் சேட் இருக்கும். லீவு என்றால் சாரத்தோடு படுப்பது, எழும்புவது, மறுபடி படுப்பது. அந்த உத்தியோகத்தை நான் கந்தோர் வேலையைவிடக் கவனமாகச் செய்வேன்.

அப்படியான ஓர் ஆவணி லீவில்தான் மச்சான் இங்கிலாந்திலிருந்து வந்தார். மச்சான் என்றால் என் மனைவியின் தமையன். அங்கே எஞ்சினியர். தங்கைக்கு ஒரு டாக்குத்தரைப் பேசி வைத்திருந்தார். தங்கையோ கட்டினால் என்னைத்தான் கட்டுவேன் என்று நின்றுவிட்டாள். அன்றோடு அண்ணன் தங்கை கதை பேச்சு நின்றது. கடிதமும் இல்லை. இந்த வழக்கில் நான் எப்போதும் மச்சான் பக்கம். அந்த டாக்குத்தரையும் என்னையும் அருகருகே நிறுத்தியிருந்தால் நானே டாக்குத்தரைத்தான் கட்டியிருப்பேன்.

வந்தவர் தங்கை வீட்டுக்கு வரவில்லை. கூட வந்த வெள்ளைக்காரச் சிநேகிதரோடும் அவர் மனைவியோடும் நிலாவெளிப் பக்கம் புதிதாக எழும்பியிருந்த ஹோட்டல் ஒன்றில் இறங்கினார். இரண்டு நாள் கழித்து ஒரு கார்ச் சாரதி எங்கள் படலையில் நின்று, வெள்ளிக்கிழமை இரவு இரண்டு பேரையும் ஹோட்டலுக்குச் சாப்பிட வரட்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மனைவி குசினிக்குள் போய் நின்று அழுதாள். பிறகு வெளியே வந்து திட்டத்தைச் சொன்னாள்.

"அங்க வைச்சு நான் அண்ணையை ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கட வீட்டை கூப்பிடப் போறன். எங்கட கதிரையில ஒருக்கா இருந்து, என்ர கையால சாப்பிட்டாரெண்டா எனக்கு அது போதும்."

தமையனுக்கு நண்டு என்றால் உயிராம். கிண்ணியாவிலிருந்து நண்டு கொண்டுவரும் மீன்காரக் காக்காவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள்: ஞாயிற்றுக்கிழமை, பெரிய நண்டு, கால் முறியாமல்.

அவளுக்குக் கவலை அந்த நண்டு. எனக்குக் கவலை கோட்.

"வேட்டியைக் கட்டிக்கொண்டு வாங்கோவன். வடிவாத்தானே இருக்கும்."

"வேட்டியோட உள்ளுக்கு விடமாட்டான்."

"ஆர்?"

"வாசல்ல நிக்கிறவன்."

"எந்த வாசல்ல?"

"எல்லா வாசல்லயும் நிப்பான்."

"அப்ப நீங்கள் வெளியில மணல்ல இருங்கோ. நான் உள்ளுக்குச் சாப்பிட்டிட்டு, உங்களுக்கு ஏதும் எலும்பு மிஞ்சினாக் கொண்டு வாறன்."

இப்படியான அன்பில்தான் நான் வாழ்ந்து வந்தேன்.

அந்த நாளில் சேட்டுக்கே துணி கிடைக்காது. கோட்டுக்கு எங்கே போவது? அன்புவழிபுரம் முழுக்க விசாரித்தேன். இளைப்பாறிய ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரிடம் ஒரு நல்ல கோட் இருந்ததாம். போன மாதம் அவர் செத்தபோது அதையும் போட்டு எரித்துவிட்டார்களாம். அவசரக்காரர்கள்.

கடைசியில் எனக்கு ஸ்டூடியோ நினைவு வந்தது. டவுனில் பாஸ்போர்ட் படம் பிடிக்கப் போகிறவர்களுக்கு அங்கே ஒரு கறுப்புக் கோட் கொடுப்பார்கள். போட்டு, படம் பிடித்து, கழற்றிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஸ்டூடியோ முதலாளி தொப்பி போட்ட, சிரிக்காத மனிதர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கோட்டை எடுத்து எனக்குப் போட்டுவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். கண்ணாடிக்குள் ஒரு நீதவான் நின்றார்.

"இப்ப திரும்பிப் பாருங்க தம்பி" என்றார்.

திரும்பினேன். முதுகில் காற்றுப் பட்டது. கோட் கழுத்திலிருந்து கீழ்வரை நடுவால் வெட்டியிருந்தது.

"மெலிஞ்சவனும் வருவான், கொழுத்தவனும் வருவான். எல்லாருக்கும் ஒரு கோட்தான் இரிக்கு. பின்னால கிளிப் போட்டு இழுத்துடுவன். படத்தில முன்பக்கம்தானே விழும்?"

"தைச்சுக் கட்டலாமோ?"

"தைச்சீங்க எண்டா நாளைக்கு வாறவன் நெஞ்சு வெடிச்சுச் செத்துடுவான். தைக்க ஏலாது. உடுப்புக் காயப்போடுற கிளிப் நாலு தாறன். சுவர்ப் பக்கமா இருந்து சாப்பிடுங்க. ஆர் உங்கட முதுகைப் பார்க்கப் போறான்?"

நான் தயங்குவதைக் கண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டியிருந்த பழைய படம் ஒன்றைக் காட்டினார். என் மச்சான். இளம் வயது, எண்ணெய் வைத்துப் படிய இழுத்த தலை, இதே கோட். மேலிருந்து இரண்டாவது பட்டன் மட்டும் பித்தளை, அதில் நங்கூரம் ஒன்று. பழைய பட்டன் அறுந்து விழுந்தபோது, கடற்படைத் தளத்துக்குத் தைத்துக் கொடுத்த ஒரு தையற்காரர் அதைப் போட்டுவிட்டாராம்.

"உங்கட மச்சான் இதப் போட்டுத்தான் லண்டனுக்குப் போனவரு. ராசியான கோட் தம்பி."

எனக்கு மயிர் கூச்செறிந்தது. மச்சானை லண்டனுக்கு அனுப்பிய கோட், என்னை ஒரு ஹோட்டலுக்குள் அனுப்பாதா? அவர் அதைக் கண்டால் அடையாளம் காண்பாரே என்ற எண்ணம் மட்டும் எனக்கு வரவில்லை. பயந்தவனுக்கு மூளை வேலை செய்யாது. என்னுடையது பயப்படாத நாளிலும் அவ்வளவாகச் செய்வதில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மனைவி என் வெள்ளைச் சேட்டின் முன்பக்கத்தை மட்டும் ஸ்திரிக்கை போட்டாள். பின்பக்கத்துக்குச் சிரட்டைக் கரியை வீணாக்க அவள் தயாரில்லை. பிறகு கோட்டைப் போட்டு, கிளிப் நாலையும் பூட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தாள்.

"சவத்துக்குத்தான் இப்பிடிப் பின்னால வெட்டி உடுப்புப் போடுறவை. நீங்கள் மல்லாக்கப் படுத்தீங்கள் எண்டால் சரியாயிருக்கும்."

அவள் சாதாரணமான நூல் சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு ஒரு நொடியில் ஆயத்தமானாள்.

குச்சவெளி பஸ்ஸில் போனோம். கச்சான் காற்று வீசும் காலம். பொழுதுபட்ட பிறகும் அடுப்பு வாயைத் திறந்ததுபோல் அடித்தது. பஸ்ஸில் கோட்டோடு இருந்த ஒரே உயிர் நான்தான். பின்னால் இருந்த ஒருவர் என் தோளைத் தட்டினார்.

"தம்பி, கோவிக்காதையுங்கோ. உங்கட கோட் பின்னால வெடிச்சுப் போச்சு."

"ஓம், தெரியும்."

"தெரிஞ்சோ போட்டிருக்கிறீங்கள்?"

மனைவி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

ஹோட்டல் வாசலில் ஒருவரும் நிற்கவில்லை. ஒரு நாய் படுத்திருந்தது. அதுவும் எனக்காக எழும்பவில்லை.

சாப்பாட்டு மண்டபம் கடல் பக்கமாகத் திறந்து கிடந்தது. மச்சான் அரைக் களிசானும் பூப்போட்ட சேட்டும் ரப்பர்ச் செருப்புமாக இருந்தார். வெள்ளைக்காரருக்குக் காலில் அதுவும் இல்லை. பக்கத்து மேசையில் கொழும்புக் குடும்பம் ஒன்று. தகப்பன் சாரத்தோடு இருந்து கோழிக் கால் கடித்துக்கொண்டிருந்தார். அந்த மண்டபத்தில் கோட் போட்டிருந்தவர்கள் இரண்டே பேர்: நானும் பரிமாறுகிறவனும். அவனுடைய கோட்டுக்கு முதுகு இருந்தது.

மச்சான் தங்கையின் தோளைத் தொட்டார். எனக்குக் கை தந்து "ஹலோ மிஸ்டர்" என்றார். தங்கையின் புருஷனை மிஸ்டர் என்று கூப்பிடுவதற்கு லண்டனில் படித்திருக்க வேண்டும். நான் சுவரோடு ஒட்டியிருந்த ஒரே கதிரையில் பாய்ந்து குந்திவிட்டேன். அது வெள்ளைக்காரப் பெண் கடலைப் பார்ப்பதற்காக எடுத்து வைத்த கதிரை. அவள் சிரித்துக்கொண்டே வேறு கதிரைக்குப் போனாள்.

வியர்வை முகத்தால் வழிந்து நாடியிலிருந்து சூப்புக்குள் சொட்டியது. பரிமாறுகிறவன் இரக்கமுள்ளவன். "சேர், கோட்டைக் கழட்டித் தாங்கோ, கொழுவி விடுறன்" என்றான். வேண்டாம் என்றேன். மீனோடு வந்தும் கேட்டான். எனக்குக் குளிர்கிறது என்றேன். அவன் காற்றாடியை நிற்பாட்டிவிட்டுப் போனான். மேசையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மச்சான் கடலைப் பற்றிக் கதைத்தார், லண்டன் பனியைப் பற்றிக் கதைத்தார். தங்கையிடம் "எப்பிடி இருக்கிறாய்" என்று ஒரு தடவை கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் சிநேகிதருக்கு உப்பு எடுத்துக் கொடுக்கத் திரும்பிவிட்டார். அவள் காத்திருந்தாள். பரிமாறுகிறவன் சூப்புக் கோப்பைகளை எடுக்கிற நேரம் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள்.

"அண்ணை, வாற ஞாயிற்றுக்கிழமை..."

"பொறு பொறு" என்றார் மச்சான். அவருடைய கண் என் நெஞ்சில் நின்றது. அந்த நங்கூரப் பட்டனில். கிட்டக் குனிந்து பார்த்தார். பிறகு அவருடைய முகம் மலர்ந்தது.

"மச்சான்" என்றார்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் காத்திருந்த சொல். நண்டு வீட்டுக்கு வந்தே விட்டது என்று நினைத்தேன்.

"மச்சான், ஒருக்கா எழும்புங்கோ."

எழும்பினேன்.

"இப்ப ஒருக்காத் திரும்புங்கோ."

எனக்கு விளங்கிவிட்டது. கோட் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பின்னால் என்ன இல்லை என்றும் தெரியும். என் நாக்கின் நுனியில் ஒரு பதில் ஆயத்தமாக நின்றது. "உங்கட முதுகும் இதுக்குள்ள நிண்டதுதானே மச்சான்" என்று சொன்னால் போதும். வாழ்க்கையில் ஒரு பகிடி சொல்ல ஒரு நாளும் யோசித்து நிற்காதவன் நான், அன்றைக்கு நின்றேன். அதைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அவள் இன்னும் கேட்டு முடிக்கவில்லை. நான் திரும்பினேன்.

மச்சான் வெள்ளைக்காரருக்கு இங்கிலீசில் விளங்கப்படுத்தினார். இந்த ஊரில் பாஸ்போர்ட் எடுக்கும் ஏழைகளுக்கென்று ஒரு கோட் இருக்கிறது, அதற்கு முதுகு இல்லை, இந்த மனிதர் அதைப் போட்டுக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார். தானும் அதே கோட்டோடுதான் லண்டன் போனதை மட்டும் சொல்லவில்லை. வெள்ளைக்காரர் மேசையில் தட்டிச் சிரித்தார். கச்சான் ஒரு வீச்சு வீசியது. ஒரு கிளிப் தெறித்து மீன் தட்டில் விழுந்தது. வெள்ளைக்காரப் பெண் கமராவை எடுத்தாள். "இன்னும் ஒருக்கா, மச்சான்" என்றார் மச்சான். இன்னும் ஒருக்காத் திரும்பினேன். இங்கிலாந்தில் எங்கோ ஓர் அல்பத்தில் என் முதுகு இருக்கிறது. ஸ்திரிக்கை போடாத முதுகு.

சிரித்துக் களைத்த பிறகு மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார்.

"நீ ஏதோ சொல்ல வந்தனி?"

அவள் தட்டில் கிடந்த கிளிப்பை எடுத்துக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டுமில்லை அண்ணை. இங்க நண்டு நல்லமோ எண்டு கேக்க வந்தனான்."

"நண்டோ? கையால உடைச்சு, உறிஞ்சி... ஐயோ, இப்ப ஆருக்கு அதெல்லாம் ஏலும்?"

"அதுவும் சரிதான்" என்றாள்.

கடைசி பஸ்ஸில் திரும்பினோம். அவள் கோட்டைக் கழற்றச் சொல்லி, மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் குசுகுசுத்தேன்.

"கேட்டிருக்கலாமே. நான் அதுக்காகத்தானே திரும்பினனான்."

"ஓம். கண்டனான். ரெண்டாந்தரமும் திரும்பினீங்கள்."

கிளிப் நாலையும் எண்ணிக் கோட்டுப் பைக்குள் போட்டாள்.

சனிக்கிழமை கோட்டையும் கிளிப் நாலையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மச்சானின் படத்தைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துவிடச் சொல்லி மனைவி சொல்லியனுப்பியிருந்தாள். "அது நல்ல படம் தம்பி, அதப் பாத்துத்தான் ஆக்கள் உள்ளுக்கு வாறாங்க" என்று முதலாளி மறுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாக் காக்கா நண்டு கொண்டு வந்தார். பெரிய நண்டு, கால் முறியவில்லை. அவள் காய்ச்சினாள். நான் சாரத்தோடு இருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் தின்றோம்.