அதீனாவுக்கு ஒரு பட்டுச்சேலை

ஏழு நாள் பயணத்தில் நான் கேட்டது ஒரே ஒரு நாள். ஒஸ்லோவிலிருந்து நான்கு குடும்பங்களாகக் கிரேக்கக் கடற்கரைக்குப் போகிறோம். ஹோட்டலிலிருந்து ஏதென்ஸுக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம்தான். அவ்வளவு பக்கத்தில் போய், அக்ரோபொலிஸ் குன்றில் ஏறாமல் திரும்பினால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். முதியோர் இல்ல வேலைக்குப் போய்வரும் ரயிலில் இரண்டு வருடமாகக் கிரேக்க வரலாறு படித்தவள் நான்.

எதிர்க்கட்சி என் அக்காதான்.

"எடி, உடைஞ்ச கல்லுப் பாக்கவே லீவெடுத்தனாங்கள்?"

ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில் அக்கா வீட்டில் எல்லோரும் கூடியபோது, சாப்பாட்டுக்கு முன் பதினைந்து நிமிடம் பேசத் தந்தார்கள். தொலைக்காட்சியில் படங்களைப் போட்டு, பாரசீகப் போர், ஜனநாயகம் என்று ஒழுங்காகத் தொடங்கினேன். ஐந்தாவது நிமிடம் பாதிப்பேர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். படங்களை நிறுத்திவிட்டேன்.

"அந்தக் குன்றிலை ஒரு அம்மன். பேர் அதீனா. அவவுக்குச் சாத்த ஒன்பது மாசம் பொம்பிளையள் உடுப்பு நெய்வினம். திருவிழாவிலை அதைச் சில்லுப் பூட்டின கப்பலிலை பாய் மாதிரி விரிச்சு, ஊர் முழுக்க இழுத்துக்கொண்டு போவினம்!"

"தேரெல்லோ!" என்றார் ஒருவர்.

"எங்களுக்கு அங்கை என்ன இருக்கு?" என்று கேட்டா எங்களோடு வரும் கத்தோலிக்க மன்னார் சிநேகிதி.

"அங்கை இருக்கிற பார்த்தினன் கோவில்தான் பிறகு பலநூறு வருசம் மாதா கோவில். அதுக்குப் பிறகு பள்ளிவாசல்!"

எல்லோரும் ஒரேயடியாகக் கதைக்கத் தொடங்கினார்கள். அக்கா மட்டும் மெதுவாகக் கேட்டா.

"என்ன நிறச் சேலை?"

"குங்குமப்பூ மஞ்சள், ஊதா" என்றேன். ஏதென்ஸ் எனக்குக் கிடைத்துவிட்டது! அன்று இரவு நித்திரையே வரவில்லை.

ஜூன் வெயிலில் குன்றேறினோம். வழவழத்த பளிங்குப் படிகளைத் தாண்டி அந்தத் தூண்கள் தெரிந்ததும் நான் வெட்கமில்லாமல் அழுதேன். அப்போது அக்கா தோள்பையைத் திறந்தா. உள்ளே ஊதாக் கரை போட்ட புது மஞ்சள் காஞ்சிபுரம்.

"அம்மனுக்குச் சாத்த ஆரிட்டைக் குடுக்கிறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேலை, தேர், ஊர்வலம் என்று கொட்டித் தீர்த்த நான், அந்தச் சிலை எப்போதோ மறைந்துவிட்டது என்பதைச் சொல்லவே இல்லை.

"இல்லாத அம்மனுக்கோ என்னை இவ்வளவு படி ஏத்தினனி?"

அக்கா சேலையைப் பைக்குள் திணித்துக்கொண்டு எனக்கு முன்னே படியிறங்கினா. வீட்டில் யாரும் இனி என் பேச்சை நம்பப்போவதில்லை என்று நினைத்தேன். இரண்டு வருடப் படிப்பும் ஒரு சேலைப் பையில் போய்விட்டது.

குன்றின் அடியில் அருங்காட்சியகம். கோவிலைச் சுற்றி முன்பு பதித்திருந்த சிற்பப் பலகைகளை அங்கே வரிசையாக வைத்திருக்கிறார்கள். நான் தலை குனிந்து பின்னால் நடந்தேன். ஒரு பலகைக்கு முன் அக்கா நின்றுவிட்டா. அதில் இரண்டு பேர் ஒரு பெரிய துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தச் சேலை" என்றா அக்கா. "ஏன் இது மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாய் இருக்கு?"

"இது நகல், அக்கா. உண்மையானது லண்டன் மியூசியத்திலை. ஒரு பிரித்தானியப் பிரபு கழட்டுவிச்சுக் கொண்டு போனவர்."

"திருப்பிக் கேக்கேல்லையோ?"

"கேட்டுக்கொண்டுதான் இருக்கினம்."

அக்காவின் முகம் சிவந்தது. இம்முறை கோபம் என்மேல் இல்லை என்று கண்டதும் எனக்கு உயிர் திரும்பி வந்தது. பையை மார்போடு அணைத்தபடி அந்த நகலைப் பார்த்துக்கொண்டே நின்றா.

"ஒஸ்லோவிலையிருந்து லண்டனுக்கு எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணித்தியாலம் சொச்சம்."

"ஒக்டோபர் லீவுக்கு டிக்கெட் போடு. மற்றாக்களுக்கு நான் சொல்லுறன். ஆனா எடி, அங்கை என்ன இருக்கு, என்ன இல்லையெண்டு முதலே சொல்லிப்போடு."