ஆடிய பல்லும் கிருமியின் லேபிளும்

பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் துப்பிவிட்டு வேலைக்குப் போகிற ஆள் நான். கீழ்வரிசையில் முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியதும்தான் பயம் வந்தது. பிள்ளைகளா, அந்தப் பல் தங்குமா போகுமா என்று நான் தவித்த கதைதான் இது.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் எனக்கு வேலை. பெட்டியில் குச்சியை உரசுகிற பக்கத்துக்கு மருந்து பூசுவோம். அதில் பாஸ்பரஸ் உண்டு. முன்காலத்தில் அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தாடை அரித்துப்போகும் என்று எப்போதோ கேட்டது மனதில் கிடந்தது. மருந்துதான் ஈறை அரித்துவிட்டது, இனி டாக்டரிடம் போய் என்ன ஆகப்போகிறது என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

அதே ஆபீசில் பண்டல் கட்டுகிற மதினியிடம் சொன்னேன். விடுவாரா?

"கொழுந்தனாரே, அப்ப பீடி பத்தவைக்கணும்னா இனிமே உங்க பல்லுல உரசிக்கிடலாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அந்த வாரம் மகள் மதுரையிலிருந்து லீவுக்கு வந்தாள். கிருமிகளைப் பற்றிப் படிக்கிறவள். ஈறு நோய்க் கிருமிதான் அவளுடைய ப்ராஜெக்ட். நான் ஒரு பக்கமாகவே மெல்லுவதைப் பார்த்துக் கேட்டாள். சொன்னேன்.

"யப்பா, இப்ப பூசுதது சிவப்புப் பாஸ்பரஸ். தாடைய அரிச்சது அந்தக் காலத்து வெள்ளைச் சரக்கு. உங்க ஈறைக் கெடுக்குதது கிருமி."

"நீயும் உன் ப்ராஜெக்டப் பத்திப் போன்ல பாஸ்பரஸ்னுதான பேசுத?"

"அது பாஸ்பேட்டுப்பா. நம்ம உடம்புலயும் இருக்கு, கிருமிக்குள்ளயும் இருக்கு. உங்க ஆபீஸ்ல லேபிள் ஒட்டுன பண்டல் லாரிக்குப் போகும், ஒட்டாதது அங்கனயே கெடக்கும்லா? கிருமி தன் புரதத்துல பாஸ்பேட்ட அப்படித்தான் ஒட்டும். ஒட்டுததுக்கு ஒரு ஆளு, எடுக்கதுக்கு ஒரு ஆளு."

"எங்களுக்கே ஒட்டுததுக்கு ஆள் பத்தல. அந்தக் கழுத ரெண்டு ஆளு வச்சிருக்கா!"

"ஆளுன்னா அதுவும் புரதம்தாம்ப்பா. பக்கத்துல வேற கிருமி வந்து தொட்டா ஒட்டுனது மாறும். அத வச்சுத்தான் இங்கன கூட்டமாக் குடியிருக்கலாமா வேண்டாமான்னு அதுக்குள்ள சேதி போகும்."

எனக்கு வேண்டியது ஒன்றுதான். "அந்தக் கூட்டத்தக் கலைச்சா பல்லு நிக்குமா?"

"கலைக்கத்தான் டாக்டர் இருக்காவ. கெளம்புங்க."

டாக்டர் ஈறுக்கடியில் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார். "எலும்பு இன்னும் பிடிமானமாத்தான் இருக்கு. ரெண்டு வேளையும் ஒழுங்காத் தேச்சா தப்பிச்சிரும்" என்றார். மகள் தினமும் காலையிலும் ராத்திரியிலும் போனில் அதட்டினாள். நானும் பயந்து பயந்து தேய்த்தேன்.

மூன்றாவது தடவை போனபோது அவளும் ஊரில் இருந்தாள். டாக்டர் பல்லை விரலால் அழுத்திப் பார்த்தார். "அசையலையே!" என்றார்.

வெளியே வந்ததும் அவித்த மக்காச்சோளம் ஒன்று வாங்கி முன்பல்லாலேயே ஒரு கடி கடித்தேன். மகள் கதிரைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

"மிச்சத்த நான் திங்கேன்ப்பா" என்று அங்கேயே நின்று கடிக்க ஆரம்பித்தாள். நான் எனக்கு இன்னொன்று வாங்கினேன்.