தலைமையாசிரியர் அறை மாடிக்குப் போனது

தொண்ணூறுகளின் நடுவில், போத்தனூருக்கு அருகே நான் ஆங்கிலம் கற்பித்துவந்த உதவிபெறும் பள்ளியிலேயே பொறுப்புத் தலைமையாசிரியையாக நியமிக்கப்பட்டேன். அதற்கான ஆயத்தம் என்று எனக்குக் கிடைத்தது கோடை விடுமுறையில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பு மட்டுமே. ரொக்கப் பதிவேடு எழுதவும், ஆய்வுக்கு வரும் அதிகாரிகளை வரவேற்கவும் கற்றுத்தந்தார்கள். உடல் ஊனமுற்ற மாணவர்களைப் பற்றிப் பேச வந்தவர், அவர்களிடம் கருணையோடு இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தேநீருக்கு எழுந்துவிட்டார்.

கருணை எங்கள் பள்ளியில் வேண்டிய மட்டும் இருந்தது. ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தபோது அதை நேரில் கண்டேன். போலியோவால் இரு கால்களிலும் காலிப்பர் என்னும் இரும்புத் தாங்கி அணிந்த மாணவி ஒருத்தி முதல் பெஞ்சில் இருந்தாள். சென்ற ஆண்டும் அவள் அங்கேதான் இருந்தாள். எல்லாப் பாடத்திலும் தேறியவள்.

"ஏங் கண்ணு, நீ பாஸாயிட்டயில்ல? இங்க எதுக்கு உக்காந்திருக்கே?"

"பத்தாவது மாடியில இருக்குதுங்க டீச்சர். பாவம், இன்னொரு வருசம் கீழயே இருக்கட்டும்னு பழைய ஹெச்செம் சொல்லிப்போட்டாங்க." பிறகு முகத்தில் எதையும் காட்டாமல், "நீங்க பக்க நம்பர் மட்டும் சொல்லுங்க டீச்சர், பாடத்த நான் நடத்திப்போடறேன்" என்றாள்.

வகுப்பு சிரித்தது. என்னால் முடியவில்லை. அவளை யாரும் வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் எதிர்ப்பது எளிது. இரக்கமோ ஒரு பெண்ணின் ஓராண்டை எடுத்துக்கொண்டு, அதற்கு நன்றியையும் எதிர்பார்த்தது.

தாளாளரிடம் கேட்டிருக்கலாம். "பாக்கலாமுங்க" என்றிருப்பார், அதன் பிறகு எதுவும் நடந்திருக்காது. ஆகவே கேட்கவில்லை. கீழ்த்தளத்தில் பத்தாம் வகுப்பு முழுவதையும் கொள்ளக்கூடிய அறை ஒன்றே ஒன்றுதான்: வாசலை ஒட்டிய தலைமையாசிரியர் அறை. அதை மாற்றினால் யாருக்கெல்லாம் இடைஞ்சல் என்று எண்ணிப் பார்த்தேன். வயதான பெற்றோர் படியேற நேரும். அவர்களுக்காக எழுத்தரை வராந்தாவில் அமர்த்தினேன். கழிப்பறைக்குப் போகும் வழியிலிருந்த படிகளைக் கொத்தனாரை வைத்துச் சரிவாக்கினேன். ஆய்வகம் மாடியிலேயே இருந்தது. அதற்கு என்னிடம் வழியில்லை. அந்தக் குறையைக் காட்டி மற்றதையும் தள்ளிப்போட நான் ஒப்பவில்லை. சனிக்கிழமை என் மேசையும் பீரோவும் மேலே போயின. திங்களன்று அவள் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தாள்.

மறுநாளே தாளாளர் வந்தார். தோட்டமும் மில்லும் உடைய பெரிய மனிதர்; முட்டிவலிக்காரர். மாடிப்படியின் அடியில் நின்று கூப்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், கொஞ்சம் கீழ வாங்க."

"ரூம் இங்கதானுங்க. மேல வாங்க."

"என்ற முட்டி இருக்கற இருப்புக்கு இத்தன படி ஏற முடியுமுங்களா?"

"அப்படீங்களா? பாவம், அப்ப இன்னொரு வருசம் கீழயே இருங்க."

பத்தாம் வகுப்பிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது.

"உங்கள பர்மனன்ட் பண்றதுக்கு நாந்தான் கையெழுத்துப் போடோணும். நெனப்பிருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. அந்தப் புள்ளைய மறுபடி ஒம்பதாவதுக்கு அனுப்போணும்னா, நீங்களே உள்ள போயி அவகிட்டச் சொல்லிப்போடுங்க. நான் சொல்ல மாட்டேன்."

அந்த அறைக்குப் படிகள் இல்லை. அவர் வாசல்வரை போனார். வகுப்பு எழுந்து நின்றது. அவள் மட்டும் முழங்கால் மடங்காதபடி காலிப்பரின் பூட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, மேசையைப் பற்றி எழுந்து, கடைசியாக வணக்கம் சொன்னாள். அதுவரை அவர் அசையவில்லை.

"உக்காரு அம்மணி" என்றார். திரும்பிக் காரை நோக்கி நடந்தார்.

அவள் அந்த ஆண்டே பொதுத்தேர்வு எழுதினாள். என் நிரந்தர நியமனத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. நான் பொறுப்புத் தலைமையாசிரியையாகவே இருந்தேன். என் மேசையும் மாடியிலேயே இருந்தது.