சரசாக்காவும் வடதுருவத்துப் பனியும்

நசரத்பேட்டையில், பெங்களூர் ரோட்டின் ஓரமாக சரசாக்காவின் நன்னாரி சர்பத் வண்டி நிற்கும். காலை பத்து மணிக்கு ஐஸ் பார் வந்து இறங்கும். அக்கா கோணியை விலக்கி ஒரு பார்வை பார்ப்பார். புறங்கையால் ஒரு தட்டு தட்டுவார். "இன்னிக்கு மூணே காலுக்குத் தீரும்" என்பார். மூணே காலுக்குத் தீர்ந்துவிடும். நான் ப்ளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அங்கே யாரும் எதையும் இவ்வளவு சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்காவின் மகன் விஷ்ணு என்னைவிட ஆறு வயது பெரியவன். ஆனாலும் அவனும் நானும் ஒரே செட். எட்டு வருடம் முன்பு ஒருநாள் அக்காவின் கணக்கைக் கவிழ்க்கவே, பாரின் பின்பக்கக் கோணியை யாருக்கும் தெரியாமல் தூக்கிச் செருகிவிட்டோம். காற்று அடித்து இரண்டே முக்காலுக்கெல்லாம் ஐஸ் காலி. அக்கா கோணியின் ஓரத்தைப் பார்த்தார், எங்கள் மூஞ்சியைப் பார்த்தார்.

"வெயிலு பாதி தின்னும், காத்து மீதிய தின்னும். இது தெரியாதா எனக்கு?" என்று விஷ்ணு முதுகில் ஒன்று வைத்தார். எனக்கு அடி இல்லை. கடைசித் துண்டு ஐஸ் எனக்குத்தான் கிடைத்தது. விஷ்ணு அதில் பாதியைப் பிடுங்கிக்கொண்டான். அந்த ஐஸின் மரத்தூள் வாசனை இப்போதும் சில மத்தியானங்களில் மூக்கில் வந்து உட்காரும்.

பிறகு விஷ்ணு கப்பலில் சமையல்காரருக்கு உதவியாளாகப் போய்விட்டான். மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவை வந்தான், இருபது நாள் இருந்தான். வீடியோ காலில் அக்கா கேட்பது ஒரே கேள்விதான்: "எப்போடா வருவே?"

ஒருநாள் அவன் சொன்னான்: "எம்மா, எங்க கப்பலு சீனாலேர்ந்து ஐரோப்பாவுக்கு ஊரைச் சுத்திப் போவுது. வடக்கால ஒரு வழி கீது. ஆனா அங்க கடலே ஐஸு. அது கரைஞ்சிச்சுன்னா பாதி நாள்ல போய்ட்டு வந்துடலாம். அப்பால வருசத்துக்கு ரெண்டு தபா ஊட்டுக்கு வருவேன்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து சர்பத் குடிக்க வருகிறவர்களை எல்லாம் அக்கா பிடித்துக்கொண்டார். பக்கத்து அபார்ட்மெண்டில் ஐ.டி. வேலை பார்க்கும் பவ்யாதான் வசமாக மாட்டினாள்.

"அந்த வடக்கு ஐஸு எப்பம்மா தீரும்?"

பவ்யா போனில் தேடிப் பார்த்தாள். "கோடைக்காலத்துல மட்டும் இல்லாம போகும்னு சொல்றாங்கக்கா. செப்டம்பர்லதான் ரொம்பக் குறையுமாம். ஆனா வருஷம்தான் ஒருத்தர் ரெண்டாயிரத்து முப்பதுங்கறாங்க, ஒருத்தர் ரெண்டாயிரத்து ஐம்பதுங்கறாங்க. முன்னாடி சிலர் சொன்ன வருஷமெல்லாம் வந்து, போயும் போச்சு."

"இருவது வருசம் முன்னப்பின்னயா? நான் கால் மணி தப்பினாலே ஐஸ்காரன் சிரிப்பான்!"

"முழுசா தீர வேணாம்கா. பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் கீழ போனாலே இல்லாத மாதிரிதானாம்."

"அதெப்படி? அடியில ஒரு சில்லு இருந்தாக்கூட நான் இன்னும் நாலு சர்பத் போடுவேனே!" என்ற அக்கா, கொஞ்சம் யோசித்துவிட்டு, "அகலத்த வுடு. தடிமன் இன்னா? பழைய ஐஸா, புதுசா உறைஞ்சதா? புதுசு நிக்காதும்மா" என்றார். பவ்யா போனைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். "அதேதான்கா இங்கயும் போட்டிருக்கு" என்றாள்.

இப்படி ஒரு ஆள் கிடைத்தால் என் கை சும்மா இருக்குமா? போன ஆகஸ்டில் போனில் ஒரு படம் தயாரித்தேன். நீலக் கடல், கீழே செய்திச் சேனல் மாதிரி சிவப்புப் பட்டை, அதில் 'வரும் செப்டம்பரில் வடதுருவப் பனி காலி'. காட்டினேன். அக்கா சிரிப்பார், அல்லது கரண்டியை எறிவார் என்று நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. "இன்னொரு தபா காட்டு" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், உச்சி வெயிலில் சர்வீஸ் ரோட்டில் அக்கா ஒரு பைக்கைத் தள்ளிக்கொண்டு வருகிறார். விஷ்ணுவின் பைக். அவன் கடைசியாக வந்துபோனதிலிருந்து கோணி மூடிக் கிடந்தது.

"பையன் வந்தா ஓட்டணுமேடா தமிழு. மெக்கானிக்காண்ட வுடப் போறேன். பின்னாடி கொஞ்சம் தள்ளு."

தள்ளினேன். வாழ்க்கையில் இவ்வளவு கனமான வண்டியை நான் தள்ளியதில்லை.

அன்று சாயந்திரம் விஷ்ணு எனக்கு போன் போட்டான். "டேய், எங்கம்மாகிட்ட இன்னாடா சொல்லி வச்சிகீற? செப்டம்பர்ல வந்துடுவேன்னு புதுப் போர்வை எல்லாம் வாங்கி வச்சிகீது."

"நீ சொன்ன கதையைத்தான் மாமே நான் முடிச்சு வச்சேன்."

விஷ்ணு குரலைத் தாழ்த்தினான். பிறகு சொன்னான்: "எங்க கப்பலு அந்தப் பக்கமே போவாதுடா. இன்னொரு காண்ட்ராக்ட்டுல கையெழுத்துப் போட்டுட்டேன். சொன்னா அழும். அதான் ஐஸு மேல பழியப் போட்டேன்."

மறுநாள் மூன்று மணிக்கு வண்டிக்குப் போனேன். பாரில் ஒரு கையளவுதான் மிச்சம். படம் பொய், நான் செய்தது என்றேன். அக்கா எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே இருந்தார். சாறு தீர்ந்த பிறகும் பிழிந்தார்.

"அப்ப நெஜமா எப்போ?"

"யாருக்கும் சரியா தெரியாதுக்கா. எந்த வருசம் காத்து எப்படி அடிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"கப்பலு?"

நான் குனிந்து ஐஸ் மேலிருந்த கோணியைச் சரிசெய்ய ஆரம்பித்தேன். அக்கா என் மூஞ்சியைப் பார்த்தார். அன்று கோணி ஓரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்த அதே பார்வை. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"விஷ்ணு, நான் ஐஸ கேக்கல. உன்னிய கேக்குறேன். தேதி சொல்லு."

"எம்மா, அது வந்து..."

"அழமாட்டேன். சொல்லு."

"மார்ச்சு பதினெட்டு. அன்னிக்குத்தான் இறக்கி வுடுவாங்க."

அக்கா போனை வைத்தார். ஐஸ் பெட்டியின் மூடியில் சாக்பீஸால் 'மார்ச் 18' என்று எழுதினார். பிறகு என் முதுகில் ஒன்று வைத்தார். எட்டு வருடம் தள்ளி வந்த அடி. பெட்டியில் மிச்சமிருந்த துண்டு ஐஸையும் எனக்கே கொடுத்தார். பாதியைப் பிடுங்கத்தான் ஆள் இல்லை.

இது பிப்ரவரி. பவ்யா வடதுருவச் செய்தி ஏதாவது சொன்னால், "அது பாட்டுக்குக் கெடக்கட்டும் வுடும்மா. இருக்கட்டுமே" என்கிறார் அக்கா. மூடியில் எழுதியது ஐஸ் தண்ணீர் பட்டுத் தினமும் அழிந்துவிடும். மறுநாள் காலையில் திரும்ப அங்கே இருக்கும். முதல் தடவை நான் திரும்ப எழுதியபோது, பதினெட்டில் அந்த ஒன்றை மட்டும் துடைத்து எட்டாக்கிவிடலாமா என்று என் விரல் துறுதுறுத்தது. துடைக்கவில்லை. யார் எழுதுவது என்று அக்கா இதுவரை கேட்டதில்லை. சாக்பீஸ் மட்டும் பெட்டிக்கு அடியில், நனையாத பக்கமாக வைக்கப்பட்டிருக்கிறது.