மீன் பை போன லிப்ட்

அந்தப் பின்படிக்கட்டின் வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை: ஊறிய சீமெந்து, கட்டி வைத்த குப்பைப் பை, யாரோ வீட்டில் கருகிய எண்ணெய். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடிதான் அந்தத் தொடர்மாடி நின்றது. ஆனால் பின்படிக்குக் கடற்காற்று வராது. காற்றும் "லிப்ட்" போல முன்பக்கத்துக்காரருக்கு உரியது.

என் அம்மா ரீட்டா கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அங்கே ஆறாம் மாடி வீடொன்றில் சமைத்தார். வீட்டுக்காரி ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லோருக்கும் அவர் "மிஸ்". பாடசாலை இல்லாத சனிக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். வேலைக்கு வருவோர் பின்படியைப் பாவிக்க வேண்டும் என்று லிப்ட் வாசலில் ஓர் அறிவித்தல் மாட்டியிருந்தது. ஒரு பெயர்ப்பலகையில் தமிழைப் போடச் சொல்லி வருடக்கணக்காக மன்றாட வேண்டிய இந்த நாட்டில், அந்த அறிவித்தலில் மட்டும் மூன்று மொழியும் ஒரே அளவு எழுத்தில், ஒரு பிழையும் இல்லாமல் இருந்தன.

சந்தைக்கு மிஸ்ஸும் அம்மாவும் சேர்ந்துதான் போவார்கள். திரும்பி வந்ததும் மிஸ் லிப்டுக்குள் போய் நிற்பார், அம்மா தான் தூக்கிவந்த பைகளை அவர் காலடியில் வைத்துவிட்டு வெளியே வருவார், கதவு மூடும். மீன் பை லிப்டில் போனது, மரக்கறிப் பை லிப்டில் போனது, அவற்றைச் சுமந்தவர் முழங்காலைக் கையால் அமுக்கிப் பிடித்தபடி படியேறினார். அந்த வருடம் அம்மாவின் வலது முழங்கால் வீங்கி, மடக்க முடியாமல் இருந்தது. "மிஸ்கிட்ட ஒருக்கா கேளுங்க அம்மா" என்றேன்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இரு. நல்ல மனுசி. கேக்கப்போய் இருக்கிற வேலையும் போயிரும்."

நல்ல மனுசிதான். எனக்குப் பழைய புத்தகங்கள் தந்தார். பாடசாலையில் சமத்துவம் பற்றிக் கட்டுரை கேட்டபோது பக்கத்தில் இருத்தி, "எல்லா மனுசரும் ஒரே தரம் எண்டு தொடங்கு பிள்ளை, பிறகு ஒரு உதாரணம் குடு" என்று சொல்லித் தந்தார். உதாரணம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தது. அந்த நல்ல குணத்தை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக மறந்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் சந்தையிலிருந்து வந்தபோது "கரண்ட்" போயிருந்தது. மிஸ்ஸும், மேல்மாடி டொக்டரும், நகைக்கடை முதலாளியின் மனைவியும் அன்று எங்களோடு பின்படியில் ஏறினார்கள். அவர்கள் மூக்கைப் பொத்தியதையும் மூச்சு வாங்கியதையும் பார்க்க எனக்குக் கோயில் திருநாள் போலிருந்தது. நான்காம் மாடியில் மிஸ் அப்படியே படியில் இருந்துவிட்டார். இரண்டு கையிலும் பைகளோடு அம்மா அவருக்குக் கீழே நின்றார்.

"உந்தப் படி ஏறுறது மனுசர் செய்யிற வேலையே, ரீட்டா!" என்றார் மிஸ்.

"மெல்லமா வாங்க மிஸ், பழகினா சரியாயிரும்" என்றார் அம்மா.

என்ன சொன்னோம், யாரிடம் சொன்னோம் என்பது மிஸ்ஸுக்கு இப்போது உறைக்கும் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உறைக்கவில்லை. ஆனாலும் படியைப் பற்றிக் கதைக்க வீட்டுக்காரர்கள் கூட்டம் வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஒருமுறை ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியாதா? அம்மாவை இனி லிப்டில் விடவேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுதிரிகூடக் கொளுத்தினேன். கூட்டம் நடந்தது. ஜெனரேட்டர் வாங்கினார்கள்.

அதன்பிறகு கரண்ட் போனாலும் லிப்ட் நிற்கவில்லை. அம்மா பழையபடி தனியே ஏறினார்.

இன்று நான் தெஹிவளையில் ஒரு தொடர்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். இங்கே அந்த மாதிரி அறிவித்தல் கிடையாது; நாகரிகம் வளர்ந்துவிட்டது. லிப்டுக்கு ஓர் அட்டை வேண்டும், வேலைக்கு வருவோருக்கு அட்டை கொடுப்பதில்லை, அவ்வளவுதான். கரண்ட் போனால் கண் இமைப்பதற்குள் ஜெனரேட்டர் உறுமுகிறது. எல்லோரும் ஒரே படியில் மூச்சு வாங்கிய அந்த அரைமணி நேரச் சமத்துவமும் இந்த நகரத்தில் ஒழிந்துபோயிற்று.

போன மாதம் அம்மா முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தார். இரண்டு முழங்காலும் போய்விட்டன, தடி ஊன்றித்தான் நடக்கிறார். எனக்குச் சமைத்துத் தர மீன் வாங்கி வந்திருந்தார்; பையை என்னிடம் தரவே மாட்டேன் என்றார். அட்டையைக் காட்டி லிப்டைத் திறந்து, நான் முதலில் உள்ளே போனேன். அம்மா வந்தார். மீன் பையை என் காலடியில் வைத்தார். வெளியே போனார்.

"நீ போ மகள்" என்றார், "நான் படியால வாறன்."