மோட்டாரில் போன என் பயணிகள்

"அக்கா, ஒங்க ரூட்ட நிறுத்தப் போறாங்க போல" என்று டிப்போ சூப்பர்வைசர் சிவா சொன்னபோது, நான் பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுங்கை ரம்பாயிலிருந்து மெர்லிமாவ் வழியாக மலாக்கா டவுனுக்குப் போகிற ரூட் அது. பல வருஷமாக நான்தான் ஓட்டினேன்.

"ஏன்ப்பா?"

"ஆளே ஏறலயே. டிக்கெட்டுக்குக் கார்டு தட்டுறது ஆபீஸ்ல தெரியும்லா. காலி பஸ்ஸ எத்தன நாளைக்கு ஓட்டுவாங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆள் இல்லாமலா போய்விட்டது? தோட்டத்து முனை ஸ்டாப்பில் நாலைந்து பேர் நிற்பது தூரத்திலேயே தெரியும். நான் பிரேக் போடுவதற்குள் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அள்ளிக்கொண்டு போவது நம் ஊர் மோட்டார் சைக்கிள்கள்தான். வெயிலில் நிற்கிறவரைத் தாண்டிப் போக நம் ஆட்களுக்கு மனசு வராது. "ஏறுங்கத்தே, டவுன் பக்கம்தான் போறேன்" என்று நிறுத்திவிடுவார்கள். மாட்டேன் என்றால் மூஞ்சி சுருங்கிவிடும்.

மாறாமல் நிற்பவர் சரோஜா அக்கா மட்டும்தான். கிட்னி கெட்டுப்போனவர். வாரத்தில் மூன்று நாள் டவுனுக்கு ரத்தம் கழுவப் போக வேண்டும். திரும்பும்போது தலை சுற்றும் என்பதால் மோட்டாரில் உட்கார முடியாது. ஒவ்வொரு தடவையும் வாடகைக் கார் பிடிக்க வசதியும் இல்லை. சிவா சொன்னதை நானே அவரிடம் சொல்லும்படி ஆயிற்று.

"பஸ் நின்னா வீட்ல படுத்துக்க வேண்டியதுதாம்மா" என்றார். படுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அடுத்த லீவு நாளில் ஸ்டாப்புக்கு எதிரே உள்ள கோப்பிக்கடைக்குப் போனேன். மோட்டார்க்காரர்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். தண்டபாணி நடுவில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆள் ஏற்றுவதில் அவன்தான் முதல் ஆள்.

"நீங்கல்லாம் சேர்ந்து சரோஜா அக்கா பஸ்ஸக் கொல்றீங்கடா" என்றேன்.

"ஒதவி செஞ்சது ஒரு தப்பாக்கா?" தண்டபாணிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தப்புன்னு யாரு சொன்னா? ஸ்டாப்ல நிக்கிறவங்கள ஏத்தாத. தோட்டத்து லயத்து வீடுகள்லேருந்து ஸ்டாப் வரைக்கும் நடக்க முடியாம வீட்லயே கெடக்குறாங்கல்ல, அவங்கள ஸ்டாப்ல கொண்டாந்து விடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன். இல்லன்னா அந்தக்காவ யாரு கொண்டு போவா, நீயா?"

அவன் ரொட்டியை முடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எடுபடவில்லை என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரமே ஒரு பாட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்டாப்புக்கு வந்தான். பஸ் கதவு திறக்கும்வரை நின்றான். "நேரத்துக்கு வாங்கக்கா, எங்கள மட்டும் திட்டத் தெரியுது" என்று முறைத்துவிட்டுப் போனான். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே அதையே செய்தார்கள். சந்தை கூடும் பாசார் நாளில் சிலர் மோட்டாரைக் கடை ஓரம் நிறுத்திவிட்டுத் தாங்களே பஸ் ஏறினார்கள். நானும் ஒழுங்காக நேரத்துக்குப் போய் நின்றேன். சில மாதம் கழித்து, "ரூட் இருக்கட்டும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்கக்கா" என்றான் சிவா.

இப்போது ஸ்டீயரிங் பிடிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சீட் காலியாக இருந்தால் ஆபீஸை மட்டும் திட்டிக்கொண்டிருக்காதீர்கள். இறங்கிப் போய் ஊர்க்காரர்களிடம் பேசுங்கள். பஸ் வேண்டும் என்பவர்கள் அதில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். போன வாரம் அதே ஸ்டாப்பில் சரோஜா அக்காவோடு நின்றுகொண்டிருந்தேன். மண்டையைப் பிளக்கிற வெயில். தண்டபாணி பக்கத்தில் வந்து மோட்டாரை மெதுவாக்கினான்.

"டவுனுக்காக்கா?"

"ஆமாப்பா."

"அப்ப நில்லுங்க, பஸ் வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான்.