வீட்டோடு தங்கிவிட்ட நமஹாகே

இசாமுவின் தொண்டை ஊருக்கே பொதுச்சொத்து. படகு எஞ்சின்களுக்கு நடுவே காலம் தள்ளுகிற மெக்கானிக் அவன். காதோடு ரகசியம் சொன்னால்கூடத் துறைமுகம் முழுக்கக் கேட்கும். ஜப்பானின் ஓகா கடற்கரையில் இப்படியொரு தொண்டை வாய்த்த, கல்யாணமாகாத ஆண்பிள்ளையை வருடக் கடைசி நாளில் சும்மா விடுவார்களா? கொம்பு முகமூடியை மாட்டி, வைக்கோல் அங்கியைச் சுற்றி, கையில் மரக்கத்தியைக் கொடுத்துவிட்டார்கள். மலையிலிருந்து இறங்கும் நமஹாகே பூதமாக வீடு வீடாகப் புகுந்து உறும வேண்டியது அவன் பாடு. பெண் அமைவது தள்ளிப்போகப் போக, பூத வேலையில் அவனுக்கு சீனியாரிட்டி ஏறிக்கொண்டே போனது.

நாற்பதைத் தாண்டி, இந்த வசந்தத்தில்தான் அவனுக்கு விடிந்தது. கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்த சனாயே அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவளுடைய ஏழு வயது மகள் ஹினானோ மட்டும் மசியவில்லை.

மேசையில் அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டே, "அம்மா, சோயா சாஸை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு அவரை" என்பாள். அவன் தள்ளுவான். "கெடைச்சிருச்சுன்னு சொல்லிடும்மா."

வீட்டுக்குள் தொண்டையைச் சுருக்கிப் பேசப் பழகிக்கொண்டான் இசாமு. காரணம் இருந்தது. போன வருடம் அந்தக் குழந்தையைக் காலைப் பிடித்து அலமாரியிலிருந்து வெளியே இழுத்த நமஹாகே அவன்தான். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டால் ஜென்மத்துக்கும் தன்னிடம் வரமாட்டாள் என்று உள்ளூர உதறல். ஊரையே நடுங்க வைத்தவனுக்கு வந்த கதி அது.

வருடக் கடைசி நாள் வந்தது. கல்யாணமானவனுக்கு முகமூடி கிடையாது. முதல்முறையாக வீட்டுத் தலைவனாகக் கிமோனோ உடுத்தி, அரிசி மதுவும் சுட்ட மீனும் எடுத்துவைத்துக் காத்திருந்தான். பூதம் கேட்கிற கேள்விக்கெல்லாம் பணிந்து பதில் சொல்லி, எங்கள் பிள்ளை நல்ல பிள்ளை என்று வாதாட வேண்டியது தலைவன் பொறுப்பு. இன்றைக்காவது அவளுக்காக நாலு வார்த்தை பேசிவிடலாம் என்று பதில்களை நெட்டுருப் போட்டிருந்தான்.

கதவு படாரென்று திறந்தது. நமஹாகே இரண்டு உள்ளே நுழைந்தன. "அழுமூஞ்சி இருக்காடா இங்க? சோம்பேறி இருக்காடா?" என்று தரை அதிர மிதித்தன.

பழக்கதோஷம் யாரை விட்டது? இசாமுவும் துள்ளி எழுந்தான். கூடவே மிதித்தான். முழுத் தொண்டையில், "ஊவோ!" என்று உறுமியும் விட்டான்.

பூதங்களே ஓரடி பின்வாங்கின. முன்னால் நின்றது மீனவன் தெட்சுயா. "அண்ணே, நீங்க இப்ப அந்தப் பக்கம்" என்று முகமூடிக்குள்ளிருந்து முணுமுணுத்தான்.

அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஹினானோ எட்டிப் பார்த்தாள்.

"போன வருஷம் என் காலைப் பிடிச்சு இழுத்தது நீங்கதானா?"

அவள் அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. பொய் சொல்ல மனம் வரவில்லை. தலையாட்டினான். நெட்டுருப் போட்டதெல்லாம் காற்றில் போயிற்று.

நிலைமையைச் சமாளிக்கிறேன் பேர்வழி என்று தெட்சுயா கரகரத்தான். "ஆமா, இவன் எங்க ஆளுதான். மலையை விட்டு ஓடி வந்துட்டான். திரும்பக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கோம்."

ஹினானோவின் முகம் வெளுத்தது. ஆனாலும் வந்தாள். இசாமுவுக்கு முன்னால், வீட்டுத் தலைவன் உட்காருகிற இடத்தில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

"அவர் வரமாட்டார். இப்ப எங்க வீட்டுல இருக்கார்."

"சோம்பேறிப் பயலாச்சே?"

"இல்ல. வாசல் பனியெல்லாம் அவர்தான் தள்றார்."

"சொன்ன பேச்சு கேக்குறானா?"

"கேப்பார். சாஸ் கேட்டா ஒடனே தள்ளிடுவார்."

"உறுமுவானே?"

"இல்ல. பாவம், மெதுவாத்தான் பேசுவார்."

தெட்சுயா மரக்கத்தியைத் தாழ்த்தினான். "சரி, இருந்துட்டுப் போகட்டும். வாலாட்டினா கையைத் தட்டு. மலையிலேர்ந்து வந்து தூக்கிட்டுப் போறோம்."

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "தட்ட மாட்டேன்."

பூதங்கள் குடித்துவிட்டுக் கிளம்பின. அங்கியிலிருந்து உதிர்ந்த வைக்கோல் பாயெங்கும் கிடந்தது. அதைத் தலையில் கட்டிக்கொண்டால் வருடம் முழுக்க நோய் அண்டாது. சனாயே ஒரு வைக்கோல் தாளை எடுத்து மகளிடம் நீட்டினாள். ஹினானோ அதைத் தன் தலையில் கட்டிக்கொள்ளவில்லை. இசாமுவைக் குனியச் சொல்லி, அவன் நெற்றியைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தாள்.

அவன் கண்களிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததில்லை.

"அப்பா, அழாதீங்க" என்று பதறினாள் ஹினானோ. "அழுமூஞ்சி இருக்குன்னு திரும்பி வந்துடப் போறாங்க."